பயணத்தில் காதுக்கு ஏற்றது எது? இரைச்சலை அழிக்கும் ஹெட்போனா, இரைச்சலைத் தடுக்கும் இயர்போனா?

வணிகம் என்றால் கடையில் அமர்ந்து நிறுத்துக் கொடுப்பது மட்டும் அன்று. மிளகாய்க்குக் குண்டூர், மஞ்சளுக்கு ஈரோடு, பருப்புக்கு விருதுநகர், சீரகத்துக்குக் குஜராத்தின் உஞ்சா என்று கொள்முதலுக்காக அலைவதும் நம் தொழிலில் ஒரு பகுதியே. இரவு முழுவதும் பஸ்ஸிலோ ரயிலிலோ கண் விழித்துவிட்டு, காலையில் மண்டிக்குப் போய் ஏலம் கூறும் நிலையில் நம்மில் பலர் இருக்கிறோம். தூக்கம் கெட்ட தலையோடு பேசும் விலை நமக்குச் சாதகமாக அமைவதில்லை.

இதனால்தான் அண்மைக்காலமாக நம் உறுப்பினர்கள் பலரின் கைப்பையில் ஹெட்போனும் இயர்போனும் இடம்பிடித்துள்ளன. ஆனால் எதை வாங்குவது என்பதில் குழப்பம் இருக்கிறது. 'நாய்ஸ் கேன்சலிங்' என்கிறார் ஒரு கடைக்காரர். 'நாய்ஸ் ஐசொலேட்டிங்' என்கிறார் இன்னொருவர். விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கி முப்பதாயிரத்துக்கு மேலும் போகிறது. சரக்கின் தரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடும் நாம், இந்தச் சரக்கில் மட்டும் ஏமாறலாமா? இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே விளக்குகிறோம்.

இரண்டும் வேலை செய்யும் விதம்

இரைச்சலைத் தடுக்கும் இயர்போன் மிக எளிய பொருள். அதன் முனையில் சிலிக்கான் ரப்பரோ, பஞ்சு போன்ற நுரையோ இருக்கும். பாட்டில் வாயைத் தக்கை அடைப்பதுபோல் அது காதுத் துளையை அடைத்துவிடுகிறது. வெளிச்சத்தம் உள்ளே வர வழியில்லை, அவ்வளவுதான். பாட்டரி தேவையில்லை. சரியாகப் பொருந்தினால் சுமார் 20 முதல் 30 டெசிபல் வரை சத்தம் குறையும். குழந்தையின் அழுகை, பக்கத்து இருக்கைக்காரர் பேச்சு, யாரோ செல்போனில் சத்தமாக வைத்த சினிமாப் பாட்டு போன்றவற்றை நன்றாகத் தடுக்கும்.

இரைச்சலை அழிக்கும் ஹெட்போன் வேறு வகை. இதில் சிறிய மைக்குகள் உண்டு. அவை வெளிச்சத்தத்தைக் கேட்டு, உள்ளிருக்கும் மின்னணுச் சில்லுக்கு அனுப்புகின்றன. சில்லு உடனே அந்தச் சத்தத்துக்கு நேர் எதிரான ஒலியலையை உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. நமக்குப் பழக்கமான தராசை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு தட்டில் இரைச்சல் ஏறுகிறது. அதே எடையுள்ள கல்லை மறு தட்டில் வைத்தால் முள் நடுவில் நிற்கிறது அல்லவா? அதுபோலவே இரைச்சலும் எதிர் இரைச்சலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன.

எடைக்கல் சரியாக அமைய வேண்டுமானால் சரக்கு தட்டில் ஆடாமல் இருக்க வேண்டும். இங்கும் அப்படித்தான். பஸ் எஞ்சினின் உறுமல், விமானத்தின் ஓயாத ஓசை, குளிர்சாதனப் பெட்டியின் 'ம்ம்' என்ற முனகல் போன்ற, மாறாமல் தொடரும் கனத்த ஓசைகளை இது மிக நன்றாக அழிக்கும். ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசைகளே இதன் எல்லை. திடீரென அடிக்கும் ஹாரன், கீச்சுக் குரல், பேச்சு ஆகியவற்றை எதிர் அலையால் அதிகம் குறைக்க முடியாது. அவற்றில் குறைவது பெரும்பாலும் காதை மூடியிருக்கும் மெத்தையால்தான்.

சுருக்கமாகச் சொன்னால், எஞ்சின் உறுமலுக்கு அழிக்கும் வகை. மனிதக் குரலுக்குத் தடுக்கும் வகை.

இது வந்த வழி

எதிர் அலையால் ஒலியை அடக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் என்பவர் இதற்கு 1936-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதைக் காதில் மாட்டும் கருவியாக்க ஏற்ற மின்னணு நுட்பம் அப்போது இல்லை.

1978-இல் அமர் போஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஐரோப்பாவிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் திரும்பினார். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலால் இசை கேட்கவில்லை. விமானத்திலேயே தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். இவருடைய தந்தை கல்கத்தாவில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு அமெரிக்காவுக்குப் போன வங்காளி என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1989-இல் விமானிகளுக்கான கருவியை அவருடைய நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரணப் பயணிகளுக்கானது 2000-ஆம் ஆண்டில் வந்தது. ஆக, இது விமான எஞ்சினின் இரைச்சலுக்காகப் பிறந்த கருவி. அதன் பலமும் வரம்பும் அந்தப் பிறப்பிலேயே இருக்கின்றன.

காது கெட்டால் மீளாது

இது வெறும் சுகத்துக்கான பொருள் என்று சிலர் நினைக்கலாம். அப்படியன்று. இரைச்சலான பஸ்ஸில் சாதாரண இயர்போனை மாட்டினால், பாட்டு கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். எஞ்சின் இரைச்சலோடு பாட்டின் இரைச்சலும் சேர்ந்து காதைத் தாக்குகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அளவு 10 கூடினால் அனுமதி நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஏலத்தில் விலையைக் காதால் பிடிப்பவர்கள் நாம். வாடிக்கையாளர் மெல்லச் சொன்னதையும் கேட்டு எடுத்துக் கொடுப்பவர்கள் நாம். காது நமக்குத் தொழில் முதல். வெளி இரைச்சல் குறைந்தால் குறைந்த சத்தத்திலேயே கேட்கலாம் என்பதுதான் இவ்விரு கருவிகளாலும் கிடைக்கும் உண்மையான லாபம்.

எந்தப் பயணத்துக்கு எது?

1. ஜன்னல் திறந்த ரயில் பெட்டி, சாதாரண பஸ்: தடுக்கும் இயர்போனே மேல். ஜன்னல் காற்று, அழிக்கும் கருவியின் மைக்கில் மோதினால் 'ஹூ' என்ற புது இரைச்சலே காதில் கேட்கும்.

2. குளிர்சாதன ரயில் பெட்டி, குளிர்சாதன பஸ்: இரண்டும் பயன்படும். எஞ்சினுக்கு அருகே பின்வரிசையில் இடம் கிடைத்தால் அழிக்கும் வகை நல்ல பலன் தரும். பக்கத்தில் பேசுபவர்கள்தான் தொல்லை என்றால் தடுக்கும் வகையே போதும்.

3. விமானம்: அழிக்கும் ஹெட்போன்தான். அது பிறந்த இடமே அது.

4. படுத்துத் தூங்க: இயர்போன் வசதி. பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுக்க முடியாது. நம் ஊர் வெயிலில் அது காதைச் சுற்றி வியர்க்கவும் செய்யும்.

இரண்டையும் சேர்த்த மூன்றாவது வகையும் உண்டு. காதை அடைக்கும் ரப்பர் முனையோடு இரைச்சல் அழிக்கும் வசதியும் உள்ள, கம்பியில்லாத சிறு மொட்டுகள் அவை. நல்ல சரக்குதான். ஆனால் ஒரு தடவை சார்ஜ் செய்தால் பெரும்பாலானவை ஐந்து முதல் எட்டு மணி நேரமே தாங்கும். பெரிய ஹெட்போனில் இருபது மணி நேரத்துக்கு மேல் தாங்குபவை பல. மொட்டுகள் இருக்கை இடுக்கில் விழுந்து தொலையும் என்பதையும் கவனத்தில் கொள்க.

பெட்டியின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள்

இதுதான் நாம் மிக முக்கியமாகச் சொல்ல விரும்புவது. மலிவான பல கருவிகளின் பெட்டியில் 'இ.என்.சி.' என்று அச்சிட்டிருப்பார்கள். அதையும் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்றே சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அது, நாம் போனில் பேசும்போது நம்மைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனைக்காரருக்குக் கேட்காமல் செய்வது. நம் காதுக்கு வரும் இரைச்சலை அது குறைக்காது. நம் காதுக்கு அமைதி தருவது 'ஏ.என்.சி.' என்று குறிப்பிட்ட வகை மட்டுமே. இரண்டாம் ரகத்தை முதல் ரகச் சாக்கில் கட்டி விற்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். வாங்கும் இடத்திலும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

கம்பியில்லாத கருவி என்றால் இந்தியத் தர அமைவனத்தின் பதிவு எண் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்; உத்தரவாதம் கேட்கப் போகும்போது பில்தான் பேசும்.

கடையில் செய்து பார்க்க வேண்டிய சோதனை

அழிக்கும் ஹெட்போனைப் பாட்டு இல்லாமல் மாட்டிக்கொண்டு, ஏ.சி. அல்லது மின்விசிறி அருகே நின்று, வசதியைப் போட்டும் நிறுத்தியும் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரிய வேண்டும். சிலருக்குக் காதில் அழுத்தம் போன்ற உணர்வு ஏற்படும். உங்களுக்கு அப்படி இருந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். பாட்டரி தீர்ந்தபின் கம்பி போட்டுக் கேட்க முடியுமா என்றும் கேளுங்கள்.

தடுக்கும் இயர்போனுக்கு அளவுதான் உயிர். பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு முனைகள் இருக்கும். காதுமடலை மெல்ல மேலே இழுத்து முனையைச் செருகிப் பாருங்கள். காதருகே விரல்களைத் தேய்த்தால் சத்தம் கேட்கக் கூடாது. உங்கள் செல்போனில் கம்பி செருகும் துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதிய போன்கள் பலவற்றில் அது இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மாதம் நான்கு இரவு பயணம் செய்பவர் ரூ.12,000-க்கு ஹெட்போன் வாங்கி மூன்று ஆண்டு பயன்படுத்தினால் 144 இரவு. ஓர் இரவுக்கு சுமார் ரூ.83. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு அதே மூன்று ஆண்டில் 18 இரவுதான். ஓர் இரவுக்கு ரூ.667 ஆகிறது. அவர் ரூ.900-க்கு நல்ல இயர்போன் வாங்கினால் ஓர் இரவுக்கு ரூ.50-இல் முடிந்துவிடும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பாட்டரி நாளடைவில் வலுவிழக்கும் என்பதால், குறைவாகப் போகிறவர் விலை உயர்ந்ததை வாங்கிப் பூட்டி வைப்பதில் பயனில்லை.

சில எச்சரிக்கைகள்

வண்டி ஓட்டும்போதும், ரோட்டைக் கடக்கும்போதும், தண்டவாளத்தின் அருகிலும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பணப்பையோடு பஸ் நிலையத்தில் நிற்கும்போது காது திறந்திருப்பதே பாதுகாப்பு. இறங்கும் ஊருக்கு அரைமணி முன்னதாகச் செல்போனில் அதிர்வு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இயர்போன் முனையை வாரம் ஒருமுறை துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஒருவர் மாட்டியதை மற்றவர் மாட்ட வேண்டாம். காதில் வலியோ சீழோ இருந்தால் மருத்துவரைப் பார்க்கும்வரை காதுக்குள் எதையும் செருகாதீர்கள்.

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பஸ்ஸிலும் ரயிலிலும் மாதம் ஓரிரு முறை போகிறவர்கள். அவர்களுக்கு நல்ல நுரைமுனை உள்ள இயர்போன் போதும் என்பதே நம் கருத்து. அடிக்கடி விமானத்திலும் குளிர்சாதன வண்டிகளிலும் போகிறவர்கள் ஏ.என்.சி. ஹெட்போனுக்குச் செலவு செய்யலாம். அந்தப் பணம் வீண் போகாது. எதை வாங்கினாலும், பெட்டியில் எழுதியதை மட்டும் நம்பாமல் காதில் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.