வேடந்தாங்கல் பறவைகளும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும்

நவம்பர் பிறந்து ஏரியில் தண்ணீர் நிறைந்துவிட்டால், வேடந்தாங்கல் செல்லும் குடும்பங்கள் அதிகம். டிஜிட்டல் கேமராவிலோ மொபைல் போனிலோ நூறு, இருநூறு படங்கள் எடுக்கிறோம். வீடு திரும்பியதும் கம்ப்யூட்டரில் காப்பி செய்கிறோம். அத்துடன் மறந்துவிடுகிறோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதையே சற்று முறையாகச் செய்தால், அந்த ஏரிக்கே அது துணையாக அமையும். எப்படி என்று பார்ப்போமா?

ஏன் பதிய வேண்டும்?

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, நீர்க்காகம், வெள்ளை அரிவாள் மூக்கன் ஆகியவை கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதால், ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றைக் காத்து வருகிறார்கள்.

ஆனால் கூடு இங்கே, சாப்பாடு வேறு இடத்தில்! நத்தை குத்தி நாரை சுற்றியுள்ள வயல்களில் நத்தை தேடுகிறது. மற்றவை பக்கத்து ஏரிகளுக்குப் பறக்கின்றன. 1998-ல் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சேர்க்கப்பட்டது. 2020-ல் இதை 3 கி.மீ. ஆகக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்து, பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2022-ல் வேடந்தாங்கல், ராம்சார் ஈர நிலங்களின் பட்டியலில் இடம் பெற்றது.

“எல்லையோர வயலில் பறவை வருகிறதா?” என்று யாராவது கேட்டால், “வருகிறது” என்று வாயால் சொன்னால் போதாது. எந்த நாள், எந்த இடம், எத்தனை என்று காட்ட வேண்டும். இங்குதான் உங்கள் கம்ப்யூட்டர் உதவுகிறது.

படங்களை அடுக்குங்கள்

கிளம்பும் முன் கேமராவின் தேதி, நேரம் சரியாக உள்ளதா என்று பாருங்கள். ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் இவை பதிவாகின்றன. விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீட்டெய்ல்ஸ் டேபில் இவற்றைக் காணலாம்.

ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு போல்டர் போதும். அதற்கு “2024-01-15 வேடந்தாங்கல்” என்பது போலப் பெயர் கொடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால், பெயர்ப்படி அடுக்கும்போது போல்டர்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

எக்செல் அட்டவணை

நான் களத்தில் சிறு நோட்டில் எழுதி, அன்றிரவே எக்செல்லில் ஏற்றிவிடுவேன். தேதி, இடம், தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், பறவை, எண்ணிக்கை என ஆறு காலம் போதும். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

1. எண்ணிக்கை காலத்தில் எண் மட்டுமே இருக்கட்டும். “சுமார் 40” என டைப் செய்தால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டும்போது விட்டுவிடும்.

2. 05/01 என்பதை, விண்டோஸ் செட்டிங்கைப் பொறுத்து, ஜனவரி 5 என்றோ மே 1 என்றோ கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளலாம். 2024-01-05 என எழுதினால் குழப்பமில்லை.

முடிந்ததும் பைலின் ஒரு நகலைப் பென் டிரைவில் வைத்திடுங்கள்.

இபேர்ட் தளம்

உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் பட்டியல் உங்களுக்கு மட்டுமே பயன்படும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய இபேர்ட் இணைய தளத்தில் ஏற்றினால், ஆய்வாளர்களும் அதைப் பயன்படுத்தலாம். கட்டணம் இல்லை. இமெயில் முகவரி கொடுத்துக் கணக்கு தொடங்கியபின், மேப்பில் இடத்தைக் குறித்து, தேதி, நேரம், எண்ணிக்கைகளைத் தர வேண்டும். வழக்கத்திற்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ இருந்தால், அந்தப் பகுதியின் தன்னார்வலர்கள் சரிபார்ப்பார்கள். அப்போது போல்டரில் உள்ள படம் கைகொடுக்கும்.

இறுதியில், அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று தளம் கேட்கும். காகம், மைனா உட்பட எழுதியிருந்தால் மட்டும் “ஆம்” கொடுங்கள். இந்த ஒரு கிளிக் மிக முக்கியம். முழுப் பட்டியலில் நாரை இல்லை என்றால், அன்று நாரை கண்ணில் படவில்லை என்று பொருள் கொள்ளலாம். ஏரி வறண்ட ஆண்டில் “வரவில்லை” என்பதும் மதிப்புள்ள தகவல்தான்.

எங்கே எண்ணுவது?

ஏரிக்கரையில் எண்ண ஆட்கள் நிறைய இருப்பார்கள். அதனால் நான் திரும்பும் வழியில் ஏதாவது ஒரு வயலோரம் நின்று, 15 நிமிடம் எண்ணி, தனிப் பட்டியலாகப் பதிகிறேன். யாரும் நிற்காத அந்த இடங்களில் இருந்துதான் தகவல் அதிகம் தேவைப்படுகிறது.

பழகிக்கொள்ள நல்ல வாய்ப்பு, தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. அதற்கு வேடந்தாங்கல் போக வேண்டும் என்பதுகூட இல்லை. வீட்டு மொட்டை மாடியிலேயே 15 நிமிடம் எண்ணித் தொடங்கலாம்.