விற்பனை நிலைய அமைப்பும் வாங்குவோர் மனமும்

முன்னாளில் அமெரிக்க மளிகைக் கடைகளில் கடைச் சிப்பந்தியே பண்டங்களை எடுத்துக் கொடுப்பது வழக்கம். 1916-ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பார் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து இம்முறையை மாற்றினார். கைக்கெட்டும் தட்டுகளில், விலை குறித்த பண்டங்களை வாங்குவோர் தாமே எடுத்துக் கூடையில் இட்டுக்கொண்டனர்.

நம் சங்க விற்பனை நிலையங்கள் சிலவற்றிலோ, சேலைகள் பூட்டிய அலமாரிக்குள் மடிந்து கிடக்கக் காண்கிறோம். கைத்தறியின் சிறப்பு தொட்டால் தெரியும். நிறம் பகல் வெளிச்சத்தில் விளங்கும். எடுத்துக் காட்டும்படி கேட்கக் கூசுபவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். அங்கே சரக்குத் தேங்கினால், இங்கே நூல் வாங்கப் பணமின்றித் தறி நிற்கும்.

ஆகவே அங்கத்தினர்களே, வாயிலருகே இரகத்துக்கு ஒரு சேலையை விரித்து, விலைச் சீட்டும் கட்டி வைக்க உங்கள் நிர்வாகக் குழுவை வற்புறுத்துங்கள். இதற்குச் செலவு சிறிது, பயனோ பெரிது.