மகாராஷ்டிரக் கணக்கேட்டில் நம் இல்லங்கள்

2011-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், குடிமதிப்புக் கணக்கெடுக்க வந்த ஆசிரியை ஒருவர் நாம் குடியிருந்த சாலின் படியேறி வந்த காட்சி இன்றும் நம் நினைவில் நிற்கிறது. அடுத்த வீட்டினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆனவர்கள். வீட்டுக்குரியவர் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லி வந்தார். தம் தாயாரின் முறை வந்ததும், அம்மாவுக்குப் படிப்புக் கிடையாது என்று இந்தியில் கூறி முடித்துவிட்டார். ஆசிரியையும் அவ்வாறே குறித்துக்கொண்டார். அந்த ஆச்சியோ, அதே வேளையில், வாசலண்டை அமர்ந்து பைண்டு செய்த பழைய தொடர்கதை ஒன்றில் ஆழ்ந்திருந்தார்! ஊரிலுள்ள தங்கைக்கு மாதம் ஒரு கடிதம் தம் கைப்படவே எழுதுபவர் அவர். நாமும் அருகில் நின்றுகொண்டு வாய் திறவாதிருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர், எந்த மொழியிலேனும் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் கூடுமாயின் அவர் எழுத்தறிவு பெற்றவர் என்பதே குடிமதிப்பின் இலக்கணம். பள்ளிக்குச் சென்றிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. மராத்தியோ இந்தியோ தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆகவே அன்று ஆச்சி எழுத்தறியாதார் பட்டியலில் சேர்ந்தது பிழை. இவ்வாறு எத்தனை வீடுகளில் நேர்ந்திருக்கும் என்று எண்ணியபோதுதான், நாம் வாழும் இம்மாநிலத்தின் கணக்குகளைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும் என்னும் ஆவல் நமக்குப் பிறந்தது.

1960-ஆம் ஆண்டு மே முதல் நாள் மகாராஷ்டிரம் தனி மாநிலமாயிற்று. அடுத்த ஆண்டுக் குடிமதிப்பில் அதன் மக்கள் தொகை 3 கோடியே 95 லட்சம். 2011-இல் அது 11 கோடியே 23 லட்சத்தைக் கடந்துவிட்டது. அவர்களில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர். மாநில மக்களில் நூற்றுக்கு 45 பேர் நகரவாசிகள். எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 82. ஆடவரில் 88, பெண்டிரில் ஏறக்குறைய 76. பத்தாண்டு முன்னர், 2001-இல், பெண்டிரின் எண் 67-ஆக இருந்தது. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் புனே நகரில் 1848-இல் பெண்களுக்கெனப் பள்ளி திறந்த மண் இது. அங்கும் ஆண் பெண் இடைவெளி முற்றும் மூடவில்லை. சாத்புரா மலைத்தொடரை ஒட்டிய நந்துர்பார் மாவட்டத்தில் ஆணும் பெண்ணும் சேர்த்தே நூற்றுக்கு 64 பேர்தான் எழுத்தறிந்தவர். மும்பைப் புறநகர் மாவட்டத்தில் அவ்வெண் 90-ஐ எட்டுகிறது.

வெளியூர் வந்து பிழைக்கும் நம்மவர் நெஞ்சைத் தொடக்கூடிய எண் வேறொன்று உண்டு. ரத்னகிரி மாவட்டத்தில் 2011-இல் ஆயிரம் ஆடவருக்கு 1,122 பெண்கள் இருந்தனர். மும்பை நகர மாவட்டத்தில் அதே ஆயிரத்துக்கு 832 பெண்களே. ரத்னகிரியின் மக்கள் தொகை முந்திய பத்தாண்டைவிடக் குறைந்தும் போயிற்று. கொங்கணத்து ஆடவர் மும்பைக்கு வேலை தேடி வந்துவிட, தாயும் மனைவியும் ஊரில் வீட்டையும் நிலத்தையும் காத்து நிற்கின்றனர் என்பதே இவ்விரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் கதை. தாராவிக்கு நம் முன்னோர் தோல் பதனிடும் தொழில் தேடி வந்த நாளில் நெல்லைச் சீமைச் சிற்றூர்களிலும் இதே நிலைதான் இருந்தது. மராத்தியரும் நாமும் ஒரே இரயிலில் நெருக்கியடித்துச் செல்லும்போது இதை நினைத்துக்கொண்டால், இடத்துக்கு நடக்கும் சண்டை சற்றுக் குறையுமோ என்னவோ!

பெரியவர்களின் விகிதம் மாறுவதற்குக் குடிபெயர்ச்சி காரணம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் வேலை தேடிப் போவதில்லை. அவர்களிடையே பெண் எண்ணிக்கை குறைந்தால் அதற்குக் காரணம் வேறு. மகாராஷ்டிரத்தில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 2001-இல் 913, 2011-இல் 894. பீட் மாவட்டத்தில் 894 என்றிருந்தது பத்தே ஆண்டில் 807 ஆயிற்று. கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் இதுவே, அது 1988-இல். நாடு முழுமைக்குமான சட்டம் 1994-இல்தான் வந்தது. சட்டம் முந்தி வந்தும் எண் இறங்கிற்று. இதற்கு எதிராகக் கட்சிரோலியைப் பாருங்கள். காடு சூழ்ந்து, ஆதிவாசிகள் மிகுந்து, எழுத்தறிவில் பீட் மாவட்டத்துக்கும் பின்தங்கிய அம்மாவட்டத்தில் பெண் குழந்தைகள் 961. ஆகவே படிப்பு ஏறினால் பெண் மகவின் உயிர் தானே காக்கப்படும் என்று நாம் நம்பியிருப்பதற்கில்லை. படிப்பும் பணமும் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு வழி காட்டவும் கூடும். இது மராத்தியர் குறை என்று நம்மவர் மார்தட்டவும் வேண்டாம். பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது நம் தமிழ்நாட்டில்தான்.

கட்சிரோலியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் அங்குள்ள 39 கிராமங்களில், ஓரளவே பள்ளி சென்ற கிராமப் பெண்களைத் தேர்ந்து, பிறந்த குழந்தையை எடை பார்க்கவும், குளிர் தாக்காமல் போர்த்திக் காக்கவும், மூச்சுத் திணறலையும் நச்சுக்காய்ச்சலையும் அறிந்து வீட்டிலேயே மருந்து கொடுக்கவும் பயிற்றினர். மூன்றாம் ஆண்டில் அவ்வூர்களில் பச்சிளங் குழந்தைகளின் மரணம், அத்தகைய சேவை இல்லாத ஊர்களோடு ஒப்பிட, பாதிக்கும் கீழாயிற்று. 1999-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏடு அதனை வெளியிட்டது. பின்னர் 2011-இல் ஆஷா ஊழியர் வழியாக வீட்டிலேயே பச்சிளங் குழந்தையைப் பேணும் திட்டத்தை மத்திய அரசும் மேற்கொண்டது. பட்டம் பெறாத ஒரு பெண், தராசும் கடிகாரமும் கையில் கொண்டு, நாள் தவறாமல் வீடு தேடிப் போனதில் விளைந்த நன்மை இது.

இனிக் குடும்ப நலம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு மகாராஷ்டிரத்தைப் பற்றிச் சொல்லும் செய்திகளில் மகிழத்தக்கவை பல. நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 95 மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. பதினெட்டு வயதாகுமுன் மணமான இளம் பெண்டிர் நூற்றுக்கு 26-லிருந்து 22-ஆகக் குறைந்தனர். ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.7, தமிழ்நாட்டின் 1.8-ஐயும் விடக் குறைவு. ர. தோ. கார்வே என்னும் பேராசிரியர் 1921-இல் மும்பையில் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்து ஏச்சும் பேச்சும் கேட்டார். அவர் இருந்து இந்த எண்ணைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

மகிழ முடியாத எண்களும் அதே ஏட்டில் உண்டு. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிரில் சோகை உள்ளவர் நூற்றுக்கு 48-ஆக இருந்து 54-ஆக உயர்ந்துவிட்டனர். குழந்தைகளில் சோகை 54-லிருந்து 69-க்கு ஏறிற்று. ஐந்து வயதுக்குட்பட்டவரில் வயதுக்கேற்ற உயரம் வளராதவர் நூற்றுக்கு 35 பேர், தமிழ்நாட்டில் 25. இந்தியாவின் செல்வம் மிக்க மாநிலங்களுள் ஒன்றில் இது! சோகையில் தமிழ்நாடும் அதிகம் பின்வாங்கவில்லை. அங்கும் பெண்டிரில் 53 பேர். ஆகவே ஊர் மாறி வந்ததால் நமக்கு நேர்ந்த நோய் இதுவன்று. பெட்டி படுக்கையோடு நாமும் கொண்டுவந்தது. வீட்டில் எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்ணும் வழக்கமும், சோற்றோடு சோறாகத் தேநீர் பருகும் வழக்கமும் நம் சமையலறைகளிலும் உள்ளன. உணவோடு குடிக்கும் தேநீர், அவ்வுணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காமல் தடுக்கும். கருவுற்ற பெண்ணுக்கு 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை தர வேண்டும் என்பது அரசின் விதி. கசப்பு என்றும் வயிற்றைப் புரட்டுகிறது என்றும் அது பாதியில் அலமாரிக்குப் போய்விடுவதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

தடுப்பூசிகள் முழுமையும் பெற்ற குழந்தைகள் மகாராஷ்டிரத்தில் நூற்றுக்கு 56-லிருந்து 73-ஆக உயர்ந்தனர், தமிழ்நாட்டில் 89. இங்குதான் நம் இல்லங்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் மரபு. ஏழாம் மாதம் வளையல் அடுக்கிப் பெண்ணை இரயிலேற்றி அனுப்புகிறோம். குழந்தை அங்கே பிறக்கிறது; பிறந்த இடத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டமாதலால் பிறப்புச் சான்றும் அங்கேயே. முதல் ஊசிகள் அங்கே போடப்படுகின்றன. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் சேயும் இங்கு வந்துவிடுகின்றனர். தடுப்பூசி அட்டை மட்டும் பாட்டி வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது! இங்குள்ள அங்கன்வாடியில் அக்குழந்தையின் பெயர் இல்லை. அங்குள்ள செவிலியோ பிள்ளை ஊருக்குப் போய்விட்டது என்று எழுதி வைக்கிறார். இரண்டு மாநிலத்து ஏடுகளுக்கும் நடுவில் நம் பேரப்பிள்ளை விழுந்துவிடுகிறான். இரயிலேறும் முன் அந்த அட்டையைத் துணிமணிக்கும் முன்னதாக எடுத்து வைக்க வேண்டும். வந்த வாரத்திலேயே அருகிலுள்ள அங்கன்வாடியிலோ நகராட்சி மருந்தகத்திலோ காட்டிப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். அட்டை தமிழில் இருந்தாலும் ஊசியின் பெயரும் தேதியும் எங்கும் விளங்கும்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய குடிமதிப்பு நடைபெறவில்லை. அதனால்தான் இக்கட்டுரையில் 2011-இன் எண்களையே நாம் பெரிதும் கையாள வேண்டியதாயிற்று. அடுத்த குடிமதிப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாளாக 2025 ஜூனில் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. வீட்டார் தாமே கணினி வழியாக விவரங்களை நிரப்பும் வசதியும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தாய்மொழி என்பது, பிள்ளைப் பருவத்தில் தாய் நம்மோடு பேசிய மொழி. வாசலில் வந்து நிற்பவருக்கு எளிதாக இருக்கட்டுமே என்று வேறொன்றைச் சொல்ல வேண்டியதில்லை. மராத்தி, இந்தி முதலியவற்றைத் தெரிந்த பிற மொழிகள் என்று குறிக்கத் தனி இடம் உண்டு.

அந்த ஆச்சி இப்போது இல்லை. அவர் மருமகள் சிவகாசிப் பக்கத்தில் எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். மராத்தி எழுத்து அறியார். சென்ற மாதம் அவரிடம், கணக்கெடுக்க வருகிறவர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று வினவினோம். "அவுக கேக்கறப்ப நான் அடுப்படியில இருப்பேன், அண்ணாச்சி. இவுகதான் சொல்லுவாக" என்றார். அவர் கணவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.