அளந்து செய்வோம் சோப்பு!



வீட்டிலேயே இயற்கை சோப்பு செய்யலாம் என்று யாராவது சொன்னால் நமக்கெல்லாம் ஆசை வருவது சகஜம்தானே! எனக்கும் வந்தது. போன செமஸ்டர் லீவில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு டம்ளர் தேங்காய் எண்ணெய்க்குக் கால் டம்ளர் காஸ்டிக் சோடா, அவ்வளவுதான் என்றார்கள். அப்படியே செய்தேன். வெள்ளை வெளேரென்று கட்டியாக வந்தது. வெட்டும்போது மட்டும் சாக்பீஸ் மாதிரி உதிர்ந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெருமையாக அம்மாவிடம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. "எரியலையாம்மா?" என்று கேட்டேன். "எரிஞ்சுதுதான். நீ படிச்சிட்டுப் பண்ணதாச்சே, மருந்து கணக்கா எரியுதுன்னு நெனச்சேன்" என்றார்கள்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா நம்பியது சோப்பை அல்ல, என் படிப்பை. அன்று ராத்திரிதான் முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். என் தப்பு எங்கே என்பது அதிலேயே இருந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

சோப்பு என்பது என்ன?

எண்ணெயும் காரமும் சேர்ந்து மாறும்போது கிடைப்பது சோப்பு. கூடவே கிளிசரினும் உண்டாகும். எண்ணெயின் ஒரு மூலக்கூறுக்கு சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, மூன்று மூலக்கூறு வேண்டும். இதற்கு சபோனிஃபிகேஷன் என்று பெயர். பரீட்சைக்கு நாம் எல்லோரும் மனப்பாடம் பண்ணியதுதான்!

பெரிய தொழிற்சாலைகளில் கிளிசரினைத் தனியாகப் பிரித்து எடுப்பது வழக்கம். வீட்டில் செய்யும் சோப்பில் அது உள்ளேயே தங்கிவிடும். தோல் வறண்டு போகாமல் இருக்க அதுவும் ஓர் உதவி.

"காஸ்டிக் போடாத இயற்கை சோப்பு கிடையாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கட்டி சோப்பு என்றால் காஸ்டிக் இல்லாமல் முடியாது. கடையில் விற்கும் சோப் பேஸை உருக்கி ஊற்றலாம். ஆனால் அங்கே காஸ்டிக் வேலையை வேறு ஒருவர் முன்பே முடித்துக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் உண்மை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது சபோனின் என்ற வேறு பொருளால். சரியான அளவில் செய்தால், போட்ட காஸ்டிக் முழுவதும் சோப்பாக மாறிவிடும். அளவு மீறினால் மிச்சம் இருக்கும் காஸ்டிக் கையைத் தின்னும். எல்லா ரகசியமும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம்.

டம்ளர் கணக்கு ஏன் உதவாது?

என் வீட்டு டம்ளரைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு டம்ளர் எண்ணெய் 184 கிராம். கால் டம்ளர் காஸ்டிக் 50 கிராம். 184 கிராம் தேங்காய் எண்ணெய்க்குத் தேவையான காஸ்டிக் எவ்வளவு தெரியுமா? சுமார் 34 கிராம்தான்! மீதி 16 கிராம் அம்மாவின் கைக்குப் போயிருக்கிறது. காஸ்டிக் செதிலாகவும் வரும், குருணையாகவும் வரும். டம்ளரில் இரண்டும் ஒரே உயரம் நிற்கும், எடை மாறும். ஆகவே எண்ணெயைக்கூட லிட்டரில் அளக்காதீர்கள். எல்லாவற்றையும் கிராமில் எடை போடுங்கள்.

34 எங்கிருந்து வந்தது? ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பதே சபோனிஃபிகேஷன் எண். தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் 257. நாம் போடுவது சோடியம் ஹைட்ராக்சைடு. அதன் மூலக்கூறு எடை 40, பொட்டாசியத்தினுடையது 56.1. எனவே 257-ஐ 40-ஆல் பெருக்கி 56.1-ஆல் வகுத்தால் 183 மில்லிகிராம், அதாவது 0.183 கிராம். இதே வழியில் நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128 வரும். எண்ணெய்க்கு எண்ணெய் இது மாறுவதால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும்.

500 கிராம் எண்ணெய்க்கு ஒரு கணக்கு போடுவோமா?

தேங்காய் எண்ணெய் 350 கிராம் × 0.183 = 64.05
நல்லெண்ணெய் 100 கிராம் × 0.134 = 13.40
விளக்கெண்ணெய் 50 கிராம் × 0.128 = 6.40
மொத்தம் 83.85 கிராம்

இந்த மொத்தத்தை அப்படியே போடக்கூடாது. எண்ணெயின் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால் நூற்றுக்கு ஏழு குறைத்து 78 கிராம் காஸ்டிக் போட வேண்டும். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினால் தோலுக்கு நல்லது. காஸ்டிக் மிஞ்சினால் கெடுதல். தண்ணீர், காஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு, 156 கிராம்.

தேங்காய் எண்ணெய் நுரையும் கெட்டித்தன்மையும் தரும். நம் ஊர் போர் தண்ணீர் மாதிரி உப்புத் தண்ணீரில்கூட நுரைப்பது அதன் சிறப்பு. ஆனால் அது மட்டுமே போட்டால் தோல் வறளும். அதற்குத்தான் மற்ற இரண்டும்.

முதலில் பாதுகாப்பு

1. கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, செருப்புக்குப் பதில் ஷூ. ஒர்க்‌ஷாப்பில் போடுகிறோமே, அது போலத்தான்.
2. தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.
3. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் நல்லது. அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பி எடுக்க வேண்டாம்.
4. காற்றோட்டமான இடத்தில் கரைக்கவும். ஆவியை முகர வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.
5. கையில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவவும். வினிகர், எலுமிச்சை என்று மேலே ஊற்றிப் பரிசோதனை பண்ண வேண்டாம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செய்முறை

காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்ததும் கரைசல் 80 டிகிரிக்கு மேல்கூடச் சூடேறும். பதறாமல் ஓரமாக வைத்து 40 டிகிரிக்கு ஆற விடவும். எண்ணெய்களைக் கலந்து அதே சூட்டுக்குக் கொண்டு வரவும். பிறகு கரைசலை எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே எவர்சில்வர் கரண்டியால் கலக்கவும். மிக்சி ஜாரில் போட்டு அடிக்காதீர்கள், தெறித்தால் ஆபத்து.

கையால் கலக்கினால் அரை மணி நேரம்கூட ஆகலாம். இட்லி மாவு பதத்துக்கு வந்து, கரண்டியிலிருந்து சொட்டியது மேலே கோடாக நின்றால் பதம் சரி. பட்டர் பேப்பர் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி மூடி வைக்கவும். மறுநாள் கையுறையோடு வெட்டவும். ஏழு கட்டி கிடைக்கும். அவற்றைக் காற்றாட அடுக்கி 4 முதல் 6 வாரம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் வற்றி சோப்பு இறுகும், சீக்கிரம் கரையாது.

மஞ்சள் தூள் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரத்தில் மஞ்சள் சிவக்கும். சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இந்த முறையில்தான். சோப்பு செம்பழுப்பாகப் போனால் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

கொடுக்கும் முன் சோதனை

நல்ல சோப்புக்கே பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். அதனால் தண்ணீரில் கரைத்து ஃபினால்ஃப்தலீன் விட்டால் நல்ல சோப்பும் இளஞ்சிவப்பாகி நம்மை ஏமாற்றும். சீவிய சோப்பை ஆல்கஹாலில் கரைத்து விட வேண்டும். அதில் சிவந்தால் காஸ்டிக் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். வெறும் ஆல்கஹாலில் முதலில் ஒரு சொட்டு விட்டு, அது நிறம் மாறவில்லை என்று பார்த்துக்கொள்ளவும். ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால், சாரிடம் அனுமதி வாங்கி லேபில் செய்வதே நல்லது.

என் இரண்டாவது சோப்பை ஆறு வாரம் வைத்திருந்தேன். "இன்னும் எத்தனை நாளைக்குடா பூட்டி வைப்பே?" என்று அம்மா தினமும் கேட்டார்கள். லேபில் நிறம் மாறவில்லை. பிறகு ஒரு வாரம் நானே குளித்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுத்தேன். "இது எரியலடா" என்றார்கள். முதலாம் ஆண்டில் நான் வாங்கிய மார்க்கைவிட அந்த வார்த்தை பெரிதாக இருந்தது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் நாம் சொன்னதே முடிவு. ஒயர் மாட்டினாலும் மருந்துச் சீட்டு படித்தாலும் "படிச்ச புள்ள சொல்லுது" என்று கேட்காமல் நம்புவார்கள். நம்புகிறவர்கள் சரிபார்க்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து நாம்தான் சரிபார்க்க வேண்டும். சோப்பு செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் தராசை எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்!