வீட்டுக்கடியில் தண்ணீர் நிற்கிறதா? முதலில் வாசலையும் கொல்லையையும் பாருங்கள்

அடுப்படியில் ஒரு பலகை மிதித்தால் அமுங்குகிறது. தச்சரைக் கூப்பிட்டு நான்கு பலகைகளை மாற்றுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே இடம் மறுபடியும் அமுங்குகிறது. பழைய தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் கால்மேல் நிற்கும் பலகை வீடுகளில் குடியிருப்போருக்கு இது பழகிய கதை. பலகை மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுபவர்களும் உண்டு. பெரும்பாலும் கோளாறு பலகையில் இல்லை. வீட்டுக்கடியில் உள்ள மண் காயவே இல்லை என்பதுதான் கோளாறு.

மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும்வரை அதை உளுக்கச் செய்யும் பூஞ்சை வளர முடியாது. அடியில் சேறு நின்றால் அந்த ஆவி மேலேறி, தரைப் பலகைக்கும் உத்தரத்துக்கும் நாள் முழுவதும் ஈரம் ஊட்டிக்கொண்டே இருக்கும். மண்ணுக்குள் குடியிருந்து மரத்தை அரிக்கும் கரையானுக்கும் ஈரம்தான் உயிர். மருந்து அடித்துப் போன கரையான் திரும்பி வருகிறதென்றால், அடியில் மண் இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் கொசு வரும், ஈர நிழலில் எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். கீழே சைக்கிளையும் பழைய சாமான்களையும் வைத்து எடுக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது சாதாரண விஷயமல்ல.

ஒரு காலத்தில் வறண்டு கிடந்த இடத்தில் இப்போது ஏன் தண்ணீர் நிற்கிறது?

வீடு கட்டியபோது அதன் அடி, சுற்றிலும் உள்ள மண்ணைவிடச் சற்று மேடாகத்தான் இருந்திருக்கும். பிறகு சாலைக்கு மேல் மேல் தார் போட்டார்கள், சாலை உயர்ந்தது. கார் நிறுத்த வாசலில் சிமெண்டு போட்டோம், வாசல் உயர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மண் கொட்டி மேடாக்கினார். கொல்லையில் துணி துவைக்கும் இடத்துக்கும் ஒரு சிமெண்டுத் தளம் வந்தது. எல்லாம் உயர்ந்த பிறகு, உயராமல் நின்றது வீட்டின் அடி மட்டும். இப்போது அது ஒரு கிண்ணம். மழை எங்கே பெய்தாலும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். போதாததற்கு, அந்த இடத்தை அறையாக்கிக்கொள்ளலாம் என்று சுற்றிக் கல் வைத்து அடைத்துவிடுகிறோம். வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை, காய வைக்கக் காற்றும் இல்லை.

உள்ளே மோட்டார் வைத்து இறைப்பது அன்றைய தண்ணீரை மட்டும் வெளியேற்றும். நிலையான வழி, தண்ணீரை வீட்டின் விளிம்புக்கு வரவிடாமல் வெளியிலேயே திருப்பி அனுப்புவது.

மழையில் குடை பிடித்து ஒரு சுற்று

எதையும் தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்குச் செலவில்லை. நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு முறை சுற்றி வர வேண்டும். இடி மின்னல் இருந்தால் வேண்டாம். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, வாசல் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பின்பக்க மேட்டிலிருந்து என்ன வருகிறது, அல்லூர் நிரம்பி வீட்டுப் பக்கம் திரும்புகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வெயில் நாளில் வந்து பார்க்கும் குத்தகைக்காரருக்கு இது தெரியாது.

மழையே இல்லாத வாரத்திலும் அடி ஈரமாக இருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். இரவு எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எண் ஏறியிருந்தால் கால்வாய் வெட்டிப் பயனில்லை, குழாய்க்காரரைக் கூப்பிட வேண்டும்.

முதல் குற்றவாளி கூரை

20க்கு 30 அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரையின் பரப்பு ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மாலையில் ஒரு மழை 50 மில்லிமீட்டர் கொட்டினால், அந்தக் கூரையிலிருந்து மட்டும் 2,800 லிட்டர் இறங்குகிறது. 200 லிட்டர் தோங்கில் பிடித்தால் 14 தோங். தகரக் கூரையின் ஓரத்தில் பீலி இல்லாவிட்டால் இத்தனையும் வீட்டின் விளிம்பை ஒட்டியே விழுந்து, மண்ணைக் குழித்து, அடியில் புகும்.

ஆகவே கால்வாய்க்கு முன் பீலி. பீலியிலிருந்து இறங்கும் குழாய் சுவரடியில் முடியக்கூடாது. பல வீடுகளில் பீலி இருந்தும் அடி நனைவதற்கு இதுவே காரணம். 14 தோங் தண்ணீரையும் ஒரே மூலையில் ஊற்றிவிட்டு, பீலி போட்டும் பலனில்லை என்கிறோம். இறங்கும் குழாயை நீட்டி, தண்ணீரைக் கால்வாயிலோ குறைந்தது ஆறேழு அடி தள்ளியோ விட வேண்டும். 4 அங்குலக் குழாய் ஒன்று, 100 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில் நிமிடத்துக்கு 400 லிட்டர் அளவுக்குக் கடத்தும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினாலும் அந்தக் கூரை தருவது நிமிடத்துக்கு 100 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. குழாயின் அளவு போதவில்லை என்ற புகார் அநேகமாக இலை அடைத்ததால் வருவது.

அடுத்தது நிலத்தின் சரிவு. வீட்டின் விளிம்பிலிருந்து வெளியே 10 அடிக்கு 6 அங்குலம் இறங்கினால் நல்லது. தாமான் வீடுகளில் அத்தனை இடம் இருக்காது. 3 அடிதான் இருக்கிறதென்றால் அதில் 2 அங்குலம். வீட்டை ஒட்டிக் களிமண் போட்டு இடித்து இறுக்கினால் தண்ணீர் உள்ளே இறங்காது. மணல் கொட்டினால் தண்ணீர் நேராக அடிக்கே இறங்கும். மரத்தூணின் மேல் மண் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். மண் தொடும் மரம் நிலைக்காது.

கால்வாய்: திறந்ததா, மூடியதா?

இப்போது இணையக் காணொளிகளில் பிரபலமாக இருப்பது 'பிரெஞ்சு கால்வாய்'. இதற்கும் பிரான்சுக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி பிரெஞ்ச் என்பவர் 1859இல் வயல் வடிகால் பற்றி எழுதிய நூலில் விளக்கியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளம் வெட்டி, வடிகட்டும் துணி விரித்து, துளையிட்ட குழாயைப் போட்டு, ஜல்லியால் நிரப்பும் முறை இது. குழாயின் துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும்; மேலே பார்க்கும்படி வைத்தால் குழாய்க்கடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும்.

பின்பக்கம் மேடு இருந்து, அங்கிருந்து மண் வழியாக ஈரம் ஊறி வரும் வீடுகளுக்கு இது சரியான மருந்து. மேட்டுக்கும் வீட்டுக்கும் இடையே குறுக்காக வெட்டி, ஊறி வருவதை மறித்துப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஆனால் கூரைத் தண்ணீரை இந்தத் துளைக் குழாயில் இணைக்கவே கூடாது. இணைத்தால் அது மண்ணுக்குள் கசிந்து, நாமே வீட்டுக்கு ஊற்றெடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

மற்றபடி, நம் ஊர் மழைக்கு அரைவட்டச் சிமெண்டுக் கால்வாயே மேல். பார்க்க அழகில்லைதான். அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தால் தள்ளிவிடலாம். மண்ணுக்குள் புதைந்த குழாய் அடைத்தால் வீடு நனைந்த பிறகுதான் தெரியும்.

வெட்டத் தொடங்க வேண்டியது தண்ணீர் வெளியேறும் முனையிலிருந்து. வெளியே உள்ள அல்லூரின் மட்டம் என்ன என்று தெரியாமல் வீட்டுப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு போனால், கடைசியில் நம் கால்வாய் அல்லூரைவிடத் தாழ்ந்து நிற்கும். 30 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 4 அங்குல இறக்கம் வேண்டும். மட்டம் பார்க்கப் பழைய கொத்தனார் முறையே போதும்: உள்ளே தெரியும் ரப்பர் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து கீழே அளந்தால் சரிவு தெரிந்துவிடும்.

இறக்கம் சீராக இல்லாமல் நடுவில் பள்ளம் விழுந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஈரத்துக்குத் தப்பி டிங்கியிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது.

தூணின் பாதக்கல்லை ஒட்டி வெட்டாதீர்கள். குறைந்தது 3 அடி தள்ளுங்கள், பாதத்தின் அடிமட்டத்தைவிட ஆழமாகப் போகாதீர்கள். வெட்டிய சரிவின் மேலோ கீழோ வீடு இருந்தால் இந்த வேலையைச் சொந்தமாகச் செய்ய வேண்டாம். சரிவின் விளிம்பில் விடும் தண்ணீர் மண்சரிவைக் கூப்பிடும்.

வெளியே அல்லூரே இல்லாதவர்கள் ஊறுகுழி தோண்ட நினைப்பதுண்டு. முதலில் ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அது களிமண், ஊறுகுழி அங்கே வேலை செய்யாது. கிள்ளான், கோல லங்காட் கடற்கரைப் பகுதிகளில் இதுதான் நிலைமை. அந்த மண்ணை வாழவும் பயிரிடவும் தக்கதாக்கியது பாரிட்டுகள். அவற்றை வெட்டிய கைகளில் நம் பாட்டன்மாரின் கைகளும் உண்டு. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைக் கண்ணாலேயே அளந்த பெரியவர்கள் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறார்கள். குத்தகைக்காரரைத் தேடுமுன் அவர்களை ஒரு முறை கொல்லைக்கு அழைத்துப் போய்க் காட்டலாம்.

மழைநீரைக் கழிவுநீர்க் குழாயிலோ கழிப்பறைத் தொட்டியிலோ இணைப்பது கூடாது. நிரம்பினால் அது அசுத்தத்தோடு திரும்பி வரும். பக்கத்து வீட்டு நிலத்துக்குத் திருப்பிவிடுவதும் தீர்வல்ல, தகராறுதான். இரு வீட்டாரும் சேர்ந்து எல்லையில் ஒரே கால்வாய் போட்டால் செலவும் பாதியாகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தை எந்த முற்றக் கால்வாயும் தடுக்காது. வெளியே அல்லூரும் ஆறும் நிரம்பி நிற்கும்போது நம் கால்வாய்க்குப் போக்கிடம் இல்லை. இந்த வேலை, ஆண்டு முழுவதும் பெய்யும் மாலை மழைக்கானது. மேற்குக் கரையில் ஏப்ரல், அக்டோபர் மாத இடிமழைக்கு முன்பும், கிழக்குக் கரையில் நவம்பருக்கு முன்பும் முடித்துவிடுவது நல்லது.

யார் பொறுப்பு?

வேலிக்குள் இருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. சாலையோரக் கால்வாயும் பின்சந்துக் கால்வாயும், ஊராட்சி மன்ற எல்லைக்குள் இருந்தால், 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி மன்றத்தின் பொறுப்பில் வரும். அந்தக் கால்வாயின் மேல் அனுமதியின்றிச் சிமெண்டு போட்டு மூடியிருப்பவர் முதலில் அதைத் திறக்க வேண்டியிருக்கும். தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்குக் கொடுத்த வீடு என்றால் நிலைமை வேறு. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமையை முதலாளியிடம் வைக்கிறது. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

எங்கே புகார் செய்தாலும், மழை பெய்துகொண்டிருக்கும்போதே எடுத்த படங்களையும் அவற்றின் தேதியையும் சேர்த்துக் கொடுங்கள். காய்ந்த பிறகு எடுத்த படத்தில், ஓரமாக ஒட்டிய சேற்றுக்கறையைத் தவிர அதிகாரிக்கு எதுவும் தெரியாது.