கல்வி ஆய்வுச் சான்றுகள் வகுப்பறை நடைமுறையாதல்: ‘நிலைக்கேற்ற கற்பித்தல்’ முறையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கற்பித்தல் குறித்த ஆய்வுகள் பெருகியுள்ள அளவிற்கு அவற்றின் முடிவுகள் வகுப்பறையைச் சென்றடையவில்லை. ஆய்வு முடிவை ஆசிரியர்க்கு எடுத்துரைத்துப் பயிற்சியும் அளித்துவிட்டால் மாற்றம் தானே நிகழும் என்னும் எண்ணம் பல திட்டங்களின் அடிப்படையாக உள்ளது. பிரதம் அமைப்பு உருவாக்கிய ‘நிலைக்கேற்ற கற்பித்தல்’ முறை 2001 முதல் 2014 வரை இந்திய மாநிலங்கள் சிலவற்றில் சோதிக்கப்பட்டதைச் சான்றாகக் கொண்டு, அவ்வெண்ணம் எவ்விடத்தில் பொருந்தாமற் போகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தனிப் பாடவேளை, கற்றல் நிலை சார்ந்த குழுப் பிரிப்பு, செய்துபார்த்து அறிந்தவரின் தொடர்துணை ஆகிய மூன்றும் அமைந்தபோதே அரசுப் பள்ளி ஆசிரியர் வழியாக இம்முறை பள்ளி நேரத்திற்குள் பயன் தந்தது என்பது இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வுச் சான்று, வகுப்பறை நடைமுறை, நிலைக்கேற்ற கற்பித்தல், ஆசிரியர் பயிற்சி, அடிப்படை வாசிப்பு, எண்ணும் எழுத்தும்.

முன்னுரை

ஐந்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லை எனில், அவ்வகுப்பில் நடைபெறும் பாடங்களுள் பெரும்பாலானவை அக்குழந்தைக்கு எட்டாதவை ஆகின்றன. 2022ஆம் ஆண்டின் அசர் அறிக்கையின்படி, இந்திய ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுள் 42.8 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்பு நிலையிலான பனுவலை வாசிக்கும் திறன் பெற்றிருந்தனர். பெருந்தொற்றுக்கு முந்தைய 2018இல் இது 50.5 விழுக்காடாக இருந்தது. பள்ளிகள் மூடப்பட்டமை இவ்விடைவெளியைப் பெரிதாக்கியது. ஆனால் அது அதற்கு முன்னரே இருந்தது.

இவ்விடைவெளியைக் குறைக்கும் முறைகளைக் கல்வியுலகம் அறியாமல் இல்லை. அறிந்த முறை ஆயிரக்கணக்கான பள்ளிகளின் அன்றாடச் செயலாக மாறாமல் நிற்பதே சிக்கல். அவ்வாறு நிற்பதன் காரணத்தை ஆசிரியரின் அறியாமை என்றோ ஆர்வமின்மை என்றோ கூறுவது எளிது. அக்காரணம் சரியா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவித்தலின் எல்லை

ஆய்வு முடிவைப் பள்ளிகளுக்கு அறிவித்தால் மட்டும் போதுமா என்னும் வினாவை இங்கிலாந்து நேரடியாகவே சோதித்தது. 2011இல் தொடங்கப்பட்ட எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பின் நிதியுதவியுடன், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை உள்ளடக்கிய ஆய்வு ஒன்று அங்கு நிகழ்த்தப்பட்டது. மொழித்திறன் கற்பித்தல் தொடர்பான ஆய்வுச் சுருக்கங்கள் அச்சிலும் இணையவழியிலும் ஒரு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. வேறு சில பள்ளிகளுக்கு அவற்றைப் பயன்படுத்துவதற்கான எளிய வழிகாட்டலும் வழங்கப்பட்டது. 2017இல் வெளிவந்த அறிக்கை, இம்முயற்சிகளால் மாணவர் அடைவில் முன்னேற்றம் காணப்படவில்லை எனத் தெரிவித்தது.

அனுப்பப்பட்ட சான்றுகள் தவறானவை என்பது இதன் பொருளன்று. அறிதல் வேறு, நாள்தோறும் செய்தல் வேறு என்பதையே இது காட்டுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே பள்ளியில் என்ன நிகழ்கிறது என்பதை இந்தியாவில் நடைபெற்ற தொடர் ஆய்வுகள் தெளிவாக விளக்குகின்றன.

நிலைக்கேற்ற கற்பித்தல்: முறையும் தொடக்கச் சான்றும்

இம்முறையின் அடிப்படை எளியது. ஒவ்வொரு குழந்தையையும் தனியே வாசிக்கச் செய்து, எழுத்து, சொல், பத்தி, கதை ஆகியவற்றுள் எந்நிலை வரை வாசிக்கிறது என்பது முதலில் கண்டறியப்படும். பின்னர், வயதும் வகுப்பும் நோக்காது, ஒரே நிலையிலுள்ள குழந்தைகள் ஒரு குழுவாக அமர்த்தப்படுவர். நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் அந்நிலைக்குரிய செயல்பாடுகள் நடைபெறும். முன்னேறும் குழந்தை அடுத்த குழுவிற்கு மாறும்.

இதன் தொடக்க வடிவம் 2001 முதல் 2003 வரை மும்பை, வதோதரா நகரங்களில் ‘பால்சகி’ என்னும் பெயரில் ஆராயப்பட்டது. உள்ளூரைச் சேர்ந்த இளம்பெண்கள், பின்தங்கிய குழந்தைகளை வகுப்பிலிருந்து தனியே அழைத்து நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கற்பித்தனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் மேற்கொண்ட சமவாய்ப்பு ஆய்வில், திட்டப் பள்ளிகளின் சராசரி மதிப்பெண் முதலாண்டில் 0.14 திட்ட விலக்க அளவும் இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்க அளவும் உயர்ந்தது.

அடுத்து, 2005-06இல் உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் பள்ளி நேரத்திற்கு வெளியே வாசிப்பு வகுப்புகளை நடத்தினர். அவற்றிற்கு வந்த குழந்தைகள் நன்கு முன்னேறினர்; ஆனால் தேவையுடைய குழந்தைகளுள் வந்தோர் சிலரே. எல்லாக் குழந்தைகளையும் எட்டவேண்டுமெனில் இம்முறை பள்ளி நேரத்திற்குள், அரசுப் பள்ளி ஆசிரியர் வழியாக நடைபெறவேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

பள்ளிக்குள் நுழைந்த முறை: பீகாரும் உத்தராகண்டும்

2008 முதல் 2010 வரை பீகார், உத்தராகண்ட் மாநிலங்களில் இம்முறை வெவ்வேறு வடிவங்களில் சோதிக்கப்பட்டது. பீகாரில் கோடை விடுமுறையின்போது அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாத முகாமை நடத்தினர். அக்குறுகிய காலத்திலேயே வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேற்றம் காணப்பட்டது.

பள்ளி திறந்தபின் நிலைமை மாறியது. கற்பித்தல் துணைக்கருவிகள் மட்டும் வழங்கப்பட்ட பள்ளிகளிலும், அவற்றுடன் ஆசிரியர் பயிற்சியும் வழங்கப்பட்ட பள்ளிகளிலும் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. பயிற்சியுடன் தன்னார்வலர்களும் சேர்க்கப்பட்டு, அவர்கள் பள்ளி நேரத்திற்கு வெளியே கற்பித்த ஊர்களில் பயன் விளைந்தது. உத்தராகண்டில் தன்னார்வலர்கள் பள்ளிக்குள்ளேயே பணியமர்த்தப்பட்டனர். அங்கு அவர்கள் வழக்கமான வகுப்புப் பணிகளில் கலந்துவிட, பயன் காணப்படவில்லை.

கோடையில் வெற்றிகண்டவரும் அரசுப் பள்ளி ஆசிரியரே. பள்ளி நாளில் இயலாமற் போனவரும் அவரே. எனவே ஆசிரியரின் திறமைக் குறைவோ பயிற்சிக் குறைவோ தடையாக இருந்திருக்க இயலாது. பள்ளி திறந்ததும் பாடநூலும், அதனைக் குறித்த காலத்தில் முடிக்கும் கடமையும் ஆசிரியர்முன் வந்து நிற்கின்றன. பின்னர் நடைமுறைக்கு வந்த 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், முழுப் பாடத்திட்டத்தையும் உரிய காலத்திற்குள் முடிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வகுத்துள்ளது. புதிய முறையைப் பின்பற்றாத ஆசிரியர் கடமை தவறியவர் அல்லர். தமக்கு விதிக்கப்பட்ட மற்றொரு கடமையை நிறைவேற்றியவர்.

ஹரியானாவில் அமைந்த மூன்று கூறுகள்

இப்படிப்பினையின் அடிப்படையில் 2012-13இல் ஹரியானா அரசுடன் இணைந்து 400 தொடக்கப் பள்ளிகளை உள்ளடக்கிய ஆய்வுக்கெனத் திட்டம் வேறுவகையாக வடிவமைக்கப்பட்டது. அதில் மூன்று கூறுகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, நேரம். 2011-12 கல்வியாண்டு முதல் அம்மாநில அரசு பள்ளி நாளில் ஒரு மணி நேரத்தைக் கூட்டியிருந்தது. திட்டப் பள்ளிகளில் அந்நேரம் இம்முறைக்கெனவே ஒதுக்கப்பட்டதால், பாடம் முடிக்கும் கடமையுடன் அது மோதவில்லை.

இரண்டாவது, இடமாற்றம். அந்நேரத்தில் குழந்தைகள் தம் வகுப்பறையை விட்டு எழுந்து, தம் நிலைக்குரிய அறைக்குச் சென்றனர். ஆசிரியர்களும் வகுப்புக்கு ஒருவராக அன்றி நிலைக்கு ஒருவராகப் பொறுப்பேற்றனர். குழுவாகப் பிரிப்பதா வேண்டாவா என்னும் முடிவு தனி ஆசிரியரின் விருப்பத்திற்கு விடப்படவில்லை.

மூன்றாவது, துணைநிற்போர். வட்டார அளவிலான கல்வி ஒருங்கிணைப்பாளர்கள் பயிற்சி பெற்றதுடன் அமையாது, தாமே பள்ளிகளில் குழந்தைகளுக்கு இம்முறையில் சில வாரங்கள் கற்பித்தனர். அதன் பின்னரே ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, தொடர்ந்து பள்ளிகளைப் பார்வையிட்டனர். பதிவேடுகளைச் சரிபார்ப்பவராக மட்டும் வராமல், தாம் செய்துபார்த்த ஒன்றில் துணைநிற்பவராகவும் அவர்கள் வந்தனர்.

இத்திட்டத்தால் இந்தி மொழித்தேர்வில் 0.15 திட்ட விலக்க அளவு முன்னேற்றம் ஏற்பட்டது. இந்தி மட்டுமே இம்முறையில் கற்பிக்கப்பட்டதால் கணக்கில் மாற்றம் இல்லை. இதே காலத்தில் இதே மாநிலத்தில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையும் ஆராயப்பட்டது. அதற்கும் பயிற்சியும் கையேடும் இருந்தன. ஆயினும் மாணவர் அடைவில் அது மாற்றம் விளைவிக்கவில்லை. மதிப்பிட்டு அறிந்ததற்கேற்ப வேறுவிதமாகக் கற்பிப்பதற்கான நேரமும் ஏற்பாடும் இல்லாதபோது, மதிப்பீடு பதிவேட்டுடன் நின்றுவிடும் என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

ஹரியானாவில் கிடைத்த நிருவாகத் துணை எல்லா மாநிலங்களிலும் கிடைப்பதன்று. 2013-14இல் உத்தரப் பிரதேசத்தில் பிரதம் பணியாளர்களே ஊர்த் தன்னார்வலர் துணையுடன், பள்ளி நேரத்திற்குள் பத்து நாள் அல்லது இருபது நாள் முகாம்களை நடத்தினர். அங்கு 0.6 திட்ட விலக்கத்திற்கும் மேற்பட்ட முன்னேற்றம் பதிவானது. வடிவம் மாறினும் தனி நேரமும் நிலைசார் குழுவும் இங்கும் மாறவில்லை.

தமிழகச் சூழலில் எழும் வினாக்கள்

நிலை சார்ந்து கற்பித்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், குழந்தை தன் வேகத்தில் படிநிலைகளைக் கடக்கும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. 2022இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளை வகுத்துக்கொண்டது. முதல் மூன்று வகுப்புகளுக்கென வந்த அத்திட்டம் 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

மேற்கண்ட சான்றுகளின் ஒளியில் இங்கு எழும் வினாக்கள் நடைமுறை சார்ந்தவை. அரும்பு நிலைக் குழந்தைக்கெனத் தனி நேரம் பாடவேளை அட்டவணையில் உள்ளதா, அல்லது மூன்று நிலையினரும் ஒரே பாடவேளையில் ஒரே ஆசிரியரை எதிர்நோக்குகின்றனரா? ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் மூன்று நிலைகளையும் இருவர் எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர்? வட்டார வளமைய ஆசிரியப் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாளில் குழந்தையுடன் எவ்வளவு நேரமும், பதிவேற்றப் பணிகளில் எவ்வளவு நேரமும் செலவிடுகிறார்?

இவ்வினாக்களுக்கு விடைகாணக் கல்வியியல் ஆய்வுகளின் போக்கிலும் மாற்றம் தேவைப்படுகிறது. ஆசிரியரின் மனப்பான்மையையும் விழிப்புணர்வையும் வினாநிரல் கொண்டு அளப்பது ஆய்வேடுகளில் பரவலாகக் கையாளப்படும் முறை. பீகாரின் கோடை முகாமும் பள்ளி நாளும் காட்டியதுபோல, ஒரே ஆசிரியரிடம் ஒரே அறிவு இருந்தும் செயல் வேறுபடுமாயின், அறிவையும் மனப்பான்மையையும் மட்டும் அளக்கும் ஆய்வு அவ்வேறுபாட்டின் காரணத்தைத் தொடுவதில்லை. பாடவேளை அட்டவணை, குழுக்கள் மாறிய நாள்கள், ஒரு குழந்தை ஒரு வாரத்தில் உண்மையில் வாசித்த நேரம் ஆகியவற்றைப் பள்ளியிலிருந்தே பதிவு செய்யும் ஆய்வுகள் இவ்விடத்தை நிரப்பவல்லன.

முடிவுரை

ஆய்வுச் சான்று பள்ளிக்குள் செல்வது ஒரு செய்தி செல்வதைப் போன்றதன்று. பள்ளியின் நேரமும் பொறுப்பும் மாறியமைவதாகும். அம்மாற்றத்தைச் செய்யும் அதிகாரம் தனி ஆசிரியரிடம் இல்லை. பாடவேளையை வகுப்போரிடமும் பாடத்திட்டத்தின் அளவை முடிவுசெய்வோரிடமும் மேற்பார்வையாளரின் பணியை வரையறுப்போரிடமும் உள்ளது. அவர்கள் செய்யவேண்டியதைச் செய்யாதவிடத்து நடத்தப்படும் பயிற்சிகள், பயன் தராமற் போவதுடன் அப்பழியையும் ஆசிரியர்மேல் ஏற்றிவிடுகின்றன. புதிய முறை ஒன்றைப் பள்ளிகளுக்குப் பரிந்துரைப்போர், அது வலியது என்பதற்கான சான்றுடன், அதற்கென எந்த நேரம் ஒதுக்கப்படும், அதற்கு ஈடாக எப்பணி குறைக்கப்படும் என்பதையும் சேர்த்தே கூறக் கடமைப்பட்டுள்ளனர்.