யாழ்ப்பாணம் ஏன் ராணுவத் தளபதிக்கு ஓட்டுப் போட்டது? 15 ஆண்டு வாக்குகள் சொல்வது என்ன?

ஒரு கேள்வி. போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. உங்கள் சொந்தபந்தங்கள் செத்துப்போன அந்தப் போரை நடத்திய ராணுவத் தளபதி, ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறார். அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா?

'சான்ஸே இல்லை' என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் 2010 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவான செல்லுபடியான வாக்குகளில் 63.84 சதவீதம், முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்குத்தான் விழுந்தது. கடைசிக்கட்டப் போரைப் பார்த்த வன்னியில் 66.86 சதவீதம். இந்த நாடு சிங்களவர்களுக்கு உரியது என்று 2008-இல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னவர் அவர்.

2024 நவம்பருக்கு வாருங்கள். அதே யாழ்ப்பாணத்தில் முதலிடம் பிடித்தது தேசிய மக்கள் சக்தி. அதன் முதுகெலும்பு ஜே.வி.பி. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்த கட்சி. வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வேண்டும் என்று நீதிமன்றம் போய், 2006-இல் அதில் ஜெயித்த கட்சி.

இதைப் பார்த்த நம்ம ஊர் டைம்லைனில் இரண்டே பதில்கள் ஓடின. ஒன்று, 'ஈழத்தமிழர்கள் எல்லாவற்றையும் மறந்துட்டாங்க'. இன்னொன்று, 'துரோகம்'. இரண்டுமே எண்களைப் பார்க்காமல் சொல்லப்பட்டவை. நம்மில் பலருக்கு ஈழம் என்பது 2009 மே மாதத்தோடு உறைந்துபோன ஒரு புகைப்படம். அங்கே இருப்பவர்களோ அதற்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட தேர்தல்களைப் பார்த்துவிட்டார்கள். அந்த முடிவுகளை எக்செல்லில் ஏற்றி வரிசையாக வைத்தால் வேறொரு படம் கிடைக்கிறது.

அன்னத்துக்கு மூன்று முறை

முதலில் 2010. அந்த 63.84 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது: 25.66. அன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களின் சதவீதம் அது. நால்வரில் மூவர் சாவடிப் பக்கமே போகவில்லை. (போனவர்களை விட்டுவிட்டு, செத்தவர்களையும் புலம்பெயர்ந்தவர்களையும் சுமந்துகொண்டிருந்த பழைய வாக்காளர் பட்டியல் அது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.) மகிந்த ராஜபக்சவைத் தோற்கடிக்க வேறு வழியில்லை என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது. 'தமிழனுக்குத் தமிழன்' என்று தனியாக நின்ற எம்.கே. சிவாஜிலிங்கத்துக்கு நாடு முழுக்கச் சேர்த்து 10,000 வாக்குகூடத் தேறவில்லை.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 2005 ஜனாதிபதித் தேர்தலில், புலிகள் தரப்பின் அழுத்தத்தில் வடக்கு புறக்கணித்தது. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். அந்தத் தேர்தலில் ராஜபக்ச ஜெயித்தது சுமார் 1.8 லட்சம் வாக்கு வித்தியாசத்தில்தான். அடுத்த நான்கு ஆண்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது 2011-இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. ஓட்டுப் போடாமல் இருப்பதற்கும் விலை உண்டு என்ற பாடத்தை இவ்வளவு கொடூரமாகக் கற்ற வாக்காளர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

2015-இல் ராஜபக்சவை எதிர்த்து நின்றவர் மைத்திரிபால சிறிசேன. போரின் கடைசி நாட்களில் தற்காலிகப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். யாழ்ப்பாணம் அவருக்குக் கொடுத்தது 74.42 சதவீதம். 2019-இல் கோட்டாபய ராஜபக்சவை எதிர்த்து சஜித் பிரேமதாச. இவருடைய அப்பா, ஜனாதிபதியாக இருந்தபோது 1993-இல் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டவர். அதைச் செய்தது புலிகள் என்பது நீங்கள் அறிந்ததே. சஜித்துக்கு யாழ்ப்பாணத்தில் 83.86 சதவீதம்.

ஒரு தளபதி, ஒரு முன்னாள் பாதுகாப்பு அமைச்சர், ஒரு மகன். மூவரும் நின்ற சின்னம் ஒன்றுதான்: அன்னம். ஆனால் அன்னத்தின் மேல் யாருக்கும் காதல் இல்லை. வாக்குச்சீட்டில் அவர்கள் பார்த்தது எதிரே இருந்த ராஜபக்ச என்ற பெயரை. ஜனாதிபதித் தேர்தலில் தங்களுக்கு வேண்டியவரை ஜெயிக்க வைக்கும் எண்ணிக்கை வடக்கிடம் இல்லை. வேண்டாதவருக்கு எதிராகச் சேர மட்டும் முடியும். 63, 74, 83 என்று ஏறிக்கொண்டே போகும் அந்த எண், விசுவாசத்தை அளக்கவில்லை. கோபத்தை அளந்தது.

அந்தக் கோபம் தெற்கில் எப்படி வாசிக்கப்பட்டது தெரியுமா? 2019-இல் கோட்டாபய பதவியேற்க அநுராதபுரத்து ருவன்வெலிசாய பௌத்த விகாரையைத் தேர்ந்தெடுத்தார். சிங்கள வாக்குகளாலேயே ஜெயிக்க முடியும் என்று தனக்குத் தெரியும், தமிழர்களையும் முஸ்லிம்களையும் சேரச் சொன்னேன், எதிர்பார்த்த பதில் வரவில்லை என்ற பொருளில் அங்கே பேசினார். இன விசுவாசம் என்று பேசினால் நாம் தமிழர் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறோம். ஒரு பெரும்பான்மை இனம் மொத்தமாகத் திரண்டு வாக்களித்தால் அதற்குப் பெயர் 'மக்கள் தீர்ப்பு'. சிறுபான்மை அதையே செய்தால் 'இனவாத ஓட்டு'. சரி, இது என் எரிச்சல். எண்களுக்குத் திரும்புவோம்.

2024: உண்மையில் என்ன நடந்தது?

வீட்டுச் சின்னத்துக் கட்சி என்று எல்லோரும் சொல்லும் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் நாடாளுமன்றத் தேர்தல்களில் கிடைத்த வாக்குகள் இவை. 2015-இல் 2,07,577. 2020-இல் 1,12,967. 2024-இல் 63,327. ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்டப் பாதி. ஆக, 2024 ஒரு திடீர் பூகம்பம் இல்லை. அஸ்திவாரம் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது.

தேசிய மக்கள் சக்தி எடுத்தது 80,830 வாக்குகள், 24.85 சதவீதம். கிடைத்தது 6 ஆசனங்களில் 3. கால்பங்கு ஓட்டுக்குப் பாதி ஆசனம் எப்படி?

இலங்கையின் விகிதாசார முறையில் மாவட்டத்தில் முதலிடம் வரும் கட்சிக்கு ஓர் ஆசனம் போனஸ். 5 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களைக் கழித்துவிட்டு, மிச்ச வாக்குகளை மீதமுள்ள 5 ஆசனத்தால் வகுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது சுமார் 48,000 வந்தது. அதாவது ஓர் ஆசனத்தின் 'விலை' 48,000 வாக்கு. அந்த விலையைக் கட்ட முடிந்தவர்கள் இரண்டே பேர்: தேசிய மக்கள் சக்தியும் தமிழரசுக் கட்சியும். ஆளுக்கு ஒன்று. மிச்சம் மூன்று ஆசனம், கையில் அதிகச் சில்லறை வைத்திருப்பவர்களுக்கு. தேசிய மக்கள் சக்தியிடம் மீதி சுமார் 32,800. கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் தமிழ் காங்கிரஸிடம் 27,986. டாக்டர் அர்ச்சுனா ராமநாதனின் சுயேச்சைக் குழுவிடம் 27,855. மூவருக்கும் தலா ஒன்று. தமிழரசுக் கட்சியிடம் மிஞ்சியது வெறும் 15,300 சொச்சம், எனவே ஒன்றோடு நின்றது. சங்குச் சின்னத்தில் நின்ற கூட்டணி 22,513 வாக்கு வாங்கியும் பூஜ்யம்.

இப்போ ஒரு சின்ன பரிசோதனை. சங்கில் நின்றவர்களில் முக்கியமானவர்கள், சில வருடம் முன்புவரை தமிழரசுக் கட்சியோடு ஒரே கூட்டமைப்பில் இருந்தவர்கள். இருவரின் வாக்குகளையும் கூட்டினால் 85,840. முதலிடம் அவர்களுக்கு, போனஸும் அவர்களுக்கு. அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்: கூட்டணிக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழ் காங்கிரஸுக்கு 1. 'யாழ்ப்பாணம் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டது' என்ற தலைப்புச் செய்தியே பிறந்திருக்காது. ஒரு வாக்காளர்கூட மனம் மாறாமலேயே.

ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். கட்சிகள் உடைந்ததால் மட்டும் வாக்கு சிதறவில்லை. அவர்கள் உடைந்த விதத்தைப் பார்த்து வெறுத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சித் தலைவர் தேர்தலில் சுமந்திரனை ஸ்ரீதரன் தோற்கடித்தார். உடனே விவகாரம் கோர்ட்டுக்குப் போய், தலைவர் பதவியேற்கவே முடியாமல் நின்றது. செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கட்சி அதிகாரபூர்வமாக சஜித்தை ஆதரிக்க, கட்சிக்காரரான அரியநேத்திரன் 'தமிழ்ப் பொது வேட்பாளர்' ஆக நின்றார். யாழ்ப்பாணத்தில் இருவருக்கும் முப்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, ஏறக்குறைய சரிசமம். எதிர்க்க ராஜபக்ச என்று ஒரு பெரிய பெயர் இல்லாதபோது அந்த 83 சதவீதம் இப்படித்தான் பிளந்தது.

அந்தத் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தது 7 சதவீதம் சுமார். இரண்டே மாதத்தில் அவர் கட்சி 25-ஐத் தொட்டது. நடுவில் அவர் ஜனாதிபதி ஆகியிருந்தார். நவம்பர் 1 அன்று, முப்பது வருடத்துக்கு மேல் ராணுவம் மூடி வைத்திருந்த பலாலி-அச்சுவேலி சாலை திறக்கப்பட்டது. 2022-இல் நாடே திவாலாகி, பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றபோது யாழ்ப்பாணமும்தான் நின்றது. ஊழல் மீதான வெறுப்புக்கு இனம் கிடையாது.

துணிச்சல் யாருடையது?

போருக்குப் பிந்தைய தமிழ் அரசியலில் மலிவான சொல் 'துரோகி'. 2012 மே தினக் கூட்டத்தில் யாழ்ப்பாணத்திலேயே இரா. சம்பந்தன் சிங்கக்கொடியைப் பிடித்தார். அதற்காக அவர் வாங்கிய வசை கொஞ்சநஞ்சமல்ல. கொழும்போடு பேசியே எதையாவது வாங்க முடியும் என்று நம்பிய சுமந்திரன் 2024-இல் தோற்றார். சொந்த மக்களிடம் பிடிக்காததைச் சொல்வதும் ஒரு துணிச்சல்தான். ஆனால் அதற்குப் பலன் காட்ட வேண்டியிருந்தது, அவர்களால் காட்ட முடியவில்லை.

தெற்கிலும் வீரத்தின் மார்க்கெட் சரிந்தது. போர் வீரர் பொன்சேகாவை, தேர்தலில் எதிர்த்து நின்ற சில நாட்களிலேயே போர் வெற்றியைக் கொண்டாடிய அதே அரசு கைது செய்தது. பின்னால் பீல்ட் மார்ஷல் ஆக்கப்பட்டு 2024-இல் மறுபடி நின்றபோது அவருக்கு அரை சதவீத வாக்குகூடக் கிடைக்கவில்லை. நாமல் ராஜபக்சவுக்கு 2.57.

எண்ணில் வராத துணிச்சல் ஒன்றும் இருக்கிறது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள், பெரும்பாலும் அம்மாக்கள், உட்காரத் தொடங்கினார்கள். 'என் பிள்ளை எங்கே' என்பது ஒன்றுதான் கேள்வி. ஜனாதிபதிகள் மாறினார்கள், காணாமல் போனோர் அலுவலகம் வந்தது, பதில் வரவில்லை. 2025-இல் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் செம்மணியில் தோண்டத் தோண்ட 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அங்கே நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டன என்று, கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒரு ராணுவச் சிப்பாய் 1998-லேயே நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டு தோண்டியபோது கிடைத்தவை 15.

சரி, அந்த 25 சதவீதம் நிலைத்ததா?

2025 மார்ச்சில் புதிய அரசு ஒரு வர்த்தமானி வெளியிட்டது. வடக்கில் ஏறக்குறைய 6,000 ஏக்கர் காணிக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், இல்லையென்றால் அரசு நிலம் ஆகிவிடும் என்றது. போரில் பத்திரத்தைத் தொலைத்தவர், கனடாவில் இருப்பவர், ராணுவ வேலிக்குள் வீடு இருப்பவர் எல்லாம் எங்கே போவார்கள்? எதிர்ப்பு கிளம்பி, பிறகு அது வாபஸ் ஆனது. ஆனால் நடுவில் மே 6 அன்று உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டது. வடக்கில் முதலிடத்துக்குத் திரும்பியது, ஆறு மாதம் முன்பு 'முடிந்துபோன' தமிழரசுக் கட்சி.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். 2010-இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள். 2015-இல் 7. 2024-இல் 6. ஆசனங்கள் வாக்காளர் எண்ணிக்கைப்படி பங்கிடப்படுவதால், வெளியேறிய ஒவ்வொரு குடும்பமும் இந்தக் கணக்கில் குறைகிறது. இருப்பவர்கள் ஒரே கட்சிக்குப் போட்டாலும் நாடாளுமன்றத்தில் அவர்கள் குரலின் அளவு இதுதான்.

அதனால்தான் மாகாண சபை முக்கியம். இந்தியா 1987-இல் போட்ட ஒப்பந்தத்தின் வழியாக, 13-வது திருத்தத்தில் வந்த அமைப்பு அது. வடக்கு மாகாண சபைக்கு 2013-இல் நடந்த முதல் தேர்தலில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வந்தார்கள்; கூட்டமைப்பு 38-இல் 30 ஆசனம் எடுத்தது. எதையாவது தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலை வந்தபோது 25 சதவீத வாக்குப்பதிவு எங்கே போனது பாருங்கள். அந்தச் சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர் ஆட்சி. தேர்தல் நடத்துவோம் என்று ஒவ்வொரு அரசும் சொல்கிறது, டெல்லியும் ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கிறது.

அந்தத் தேர்தல் வரும் நாளில், யார் ஜெயித்தார்கள் என்ற வரிக்கு முன்னால் நான் தேடப்போவது வாக்குப்பதிவு சதவீதத்தை.